டெர்மினலில் கிளிக் செய்த பாதை சரியான வரியில் திறக்க வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. தரமணியில் ஒரு சின்ன அலுவலகத்தில் பைத்தான் வேலை பார்க்கிறேன், கணினியில் உபுண்டு. டெஸ்ட் தோற்றால் டெர்மினலில் கோப்பின் பாதை, முக்காற்புள்ளி, வரி எண் என்று வரும். கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு அதைக் கிளிக் செய்தால் விஎஸ் கோடு எடிட்டரில் அந்த வரி திறக்க வேண்டும். ஆனால் வரி எண்ணையும் பெயரோடு சேர்த்துத் தேடிவிட்டு, அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது.

'கோட் -ஜி' என்று கையால் அடித்தால் அதே வரிக்கு நேராகப் போகிறது, அதனால் எடிட்டரில் குறை இல்லை. டெர்மினல் பாதையை அப்படியே எக்ஸ்டிஜி-ஓப்பனிடம் (கோப்பை அதற்குரிய செயலியில் திறக்கும் கட்டளை) தருகிறது. அதற்கு வரி எண் புரியாது. சிக்கல் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம், முழுப் பாதையாக இல்லாமல் ஃபோல்டரைச் சார்ந்து வரும் பாதைகள். ஷெல் தான் இருக்கும் ஃபோல்டரை ஓஎஸ்சி 7 என்ற மறைகுறி வழியாக டெர்மினலுக்குச் சொல்லும்படி பாஷில் அமைத்தேன், அது சரியாகிவிட்டது.

பாதையையும் எண்ணையும் பிரித்து எடிட்டருக்கு அனுப்பும் சின்ன ஸ்கிரிப்ட் எழுதத் தயார். அதை கிளிக்கோடு எப்படி இணைப்பது? இல்லை, டெஸ்ட் வெளியீட்டிலேயே ஓஎஸ்சி 8 இணைப்புகளாக (எழுத்தோடு முகவரியையும் மறைகுறியாகச் சேர்த்துத் தரும் இணைப்புகள்) தருவது நல்லதா? செய்து பார்த்தவர்கள் உங்கள் கான்ஃபிக் வரிகளைப் போட்டால் பெரிய உதவி. எங்கள் டீமில் எல்லோருக்கும் இது தேவைப்படுகிறது.