கட்டுரையைப் படிக்கிறார்கள், நம்பி வாங்க மட்டும் தயங்குகிறார்கள்

வடிநீர் கேட்டது:

வீட்டுக்கான குடிநீர் சுத்திகரிப்புக் கருவி தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றில் மார்க்கெட்டிங் பார்க்கிறேன். எங்கள் இணையதளத்தில் வாரம் தவறாமல் கட்டுரை வருகிறது. ‘சுத்தமான நீரின் நன்மைகள்’, ‘தினமும் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்’, இந்த மாதிரி. கூகுள் வழியாக ஆட்கள் வருகிறார்கள், படிக்கிறார்கள், போய்விடுகிறார்கள். போன் செய்கிற ஒருசிலரும் எடுத்த எடுப்பில், “உங்க கம்பெனியை நம்பி வாங்கலாமா?” என்றுதான் கேட்கிறார்கள்.

ஏஐ வைத்து தினமும் பத்துக் கட்டுரை போடலாம் என்கிறார் மேலாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவரிடம் மாற்றாக என்ன சொல்லலாம்?

மைக்கூடு:

நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. பெரும்பாலும் மோட்டார், பம்ப், வாட்டர் ஹீட்டர் என்று, ஒருமுறை வாங்கினால் வருஷக்கணக்கில் வீட்டில் இருக்கப்போகிற சாமான்கள். அதை வைத்துச் சொல்கிறேன்.

‘சுத்தமான நீரின் நன்மைகள்’ யார் வேண்டுமானாலும் எழுதலாம். நீங்கள் கருவி செய்கிறவர்கள் என்பதற்கு அதில் ஒரு தடயமும் இல்லை. வாங்க வருபவர் பார்ப்பது வேறு: இவர்களுக்குத் தொழில் தெரியுமா, தெரிந்ததை மறைக்காமல் சொல்வார்களா. இரண்டையும் ஒரே கட்டுரையில் காட்ட உங்கள் துறையில் அருமையான வாய்ப்பு இருக்கிறது.

இரும்புக் கம்பி டெமோ பார்த்திருப்பீர்கள். விற்பனையாளர் இரண்டு டம்ளர் வைப்பார். ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் ஆர்.ஓ. தண்ணீர், அதாவது மெல்லிய சவ்வு (மெம்ப்ரேன்) வழியே அழுத்தி வடிகட்டியது. கம்பிகள் பொருத்திய ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரம் கொடுப்பார். கொஞ்ச நேரத்தில் குழாய்த் தண்ணீர் செம்பழுப்பாகிக் கசடு மிதக்கும். “இதைத்தான் குடிக்கிறீங்க” என்பார். கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால் பயந்துபோய் அங்கேயே ஆர்டர் கொடுத்துவிடுவார்கள். உண்மையில் அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கே அல்ல, கம்பியின் இரும்பு. குழாய்த் தண்ணீரில் உப்புகள் கரைந்திருப்பதால் மின்சாரம் பாய்கிறது, இரும்பு அரித்துத் துருவாகிறது. ஆர்.ஓ. அந்த உப்புகளை எடுத்துவிடுவதால் மின்சாரம் சரியாகப் பாயாது, தண்ணீர் தெளிவாகவே நிற்கும். அதே ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுச் செய்தால் அதுவும் பழுப்பாகும்.

இதை உங்கள் சர்வீஸ் இன்ஜினியர் மேஜையில் வைத்துச் செய்து காட்டட்டும். நடுவில் வெட்டாமல் போனிலேயே எடுங்கள், உப்புப் போடும் கை தெளிவாகத் தெரியணும். கீழே ஒரு வரி: “எங்கள் ஆட்கள் இந்த டெமோ செய்ய மாட்டார்கள். யாராவது செய்தால் எங்களிடம் சொல்லுங்கள்.” உங்கள் விற்பனைக் குழுவும் அதைச் செய்துகொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்த வேண்டும், எழுதுவதெல்லாம் அப்புறம்.

அடுத்தது, ‘ஆர்.ஓ. யாருக்குத் தேவையில்லை’. தண்ணீரில் கரைந்த திடப்பொருள் (டி.டி.எஸ்.) லிட்டருக்குச் சுமார் 600 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் தண்ணீரின் சுவை பொதுவாக நன்றாக இருக்கும், 1000-ஐத் தாண்டினால் குடிக்கப் பிடிக்காது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பு குறைவு, கிருமிதான் கவலை என்றால் புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யு.வி. கருவி போதும். கூடவே, டி.டி.எஸ். மீட்டர் கிருமியையோ ஆர்செனிக்கையோ காட்டாது, அதற்கு லேப் பரிசோதனைதான் வழி என்றும் எழுதுங்கள். உங்கள் மாடல் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு எத்தனை லிட்டரை வெளியே தள்ளுகிறது என்று அளந்து எண்ணோடு போடுங்கள்.

இது புது யோசனை இல்லை. அமெரிக்காவில் வர்ஜீனியாவில் ஃபைபர்கிளாஸ் நீச்சல் குளம் அமைக்கும் ரிவர் பூல்ஸ் நிறுவனம் 2008 பொருளாதாரச் சரிவில் மூழ்கும் நிலைக்குப் போனது. அதன் பங்குதாரர் மார்க்கஸ் ஷெரிடன், வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளையே தலைப்பாக வைத்து எழுத ஆரம்பித்தார். விலை என்ன, ஃபைபர்கிளாஸில் என்ன குறை, வேறு யாரெல்லாம் நன்றாகக் குளம் கட்டுகிறார்கள் என்பது வரை. நிறுவனம் பிழைத்தது.

விற்பனைமேசை:

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் குறையை நாமே எழுதினால் போட்டியாளர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாடிக்கையாளரிடம் காட்டுவார். அப்புறம் என்னைப் போன்ற விற்பனை ஆட்கள்தான் பதில் சொல்லணும்.

மைக்கூடு:

காட்டட்டும் சார். கழிவு நீர் அவர் கருவியிலும் வெளியேறத்தான் செய்யும். “உங்களோடதில் எவ்வளவு?” என்று வாடிக்கையாளர் அவரிடமே கேட்பார், அவர் கையில் எண் இருக்காது. 2011-ல் அமெரிக்க உடை நிறுவனமான பேட்டகோனியா நியூயார்க் டைம்ஸில் ‘இந்த ஜாக்கெட்டை வாங்காதீர்கள்’ என்று முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. அந்த ஒரு ஜாக்கெட்டைத் தயாரிக்க 135 லிட்டர் தண்ணீர் செலவானதை அதிலேயே அச்சிட்டது. இன்றுவரை அந்த விளம்பரத்தை அவர்கள் பெயருக்குக் கெடுதலாக யாரும் எடுத்துக்காட்டி நான் பார்த்ததில்லை.

தேவையில்லாதவருக்கு விற்ற கருவி புகாராகத்தான் திரும்பி வரும். அதற்கும் நீங்கள்தானே பதில் சொல்கிறீர்கள்?

தேடல்வாசி:

மேலாளருக்கு ஒரு செய்தி. தேடலில் முன்னால் வருவதற்காகவே பயனற்ற பக்கங்களை மொத்தமாகக் குவிப்பதை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் சேர்த்துவிட்டது. எழுதியது ஆளா ஏஐயா என்பது அங்கே பேச்சே இல்லை. தினமும் பத்து என்ற திட்டம் நேராக அதில் போய் விழலாம். அதேபோல, தேடல் தரத்தை மதிப்பிடுபவர்களுக்கான வழிகாட்டியில் 2022 டிசம்பரில் ‘அனுபவம்’ என்பதையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தார்கள். எல்லாவற்றுக்கும் மையம் நம்பகத்தன்மை என்று அதே வழிகாட்டி சொல்கிறது.

வடிநீர்:

எல்லோருக்கும் நன்றி. கம்பி டெமோவிலிருந்தே தொடங்கலாம் என்று மேலாளர் ஒப்புக்கொண்டார். எங்கள் சர்வீஸ் அண்ணனுக்குத் தொழில் அத்துப்படி, ஆனால் எழுத வராது. அவர் பெயரில் நான் எழுதினால் தப்பா?

மைக்கூடு:

அவர் சொன்னதை நீங்கள் எழுதி, அவர் படித்துச் சரி என்றால் தப்பே இல்லை. அவர் வாயில் வராததை அவர் பெயரில் போடக்கூடாது, அவ்வளவுதான். ‘சொன்னவர், எழுதியவர்’ என்று இருவர் பெயரும் போடுங்கள். முகம் காட்ட அவருக்குச் சம்மதமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

அவருடைய சர்வீஸ் போனுக்கு வரும் கேள்விகளை ஒரு வாரம் அப்படியே, வாடிக்கையாளர் பேசும் வார்த்தையிலேயே குறித்து வையுங்கள். “மெம்ப்ரேன் எப்ப மாத்தணும், ஏன் சீக்கிரமே போயிடுச்சு?” என்பது கட்டாயம் அதில் இருக்கும். கம்பி டெமோவுக்கு அடுத்து அதை எடுங்கள். கழற்றிய பழைய மெம்ப்ரேன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பேசச் சொல்லுங்கள்.