தட்சிணேஸ்வரம் படித்துறை: ஆற்றுப் பக்கமிருந்து பாருங்கள்

கொல்கத்தா மெட்ரோவில் இறங்கி நடைமேம்பாலம் வழியாகத் தட்சிணேஸ்வரம் காளி கோயிலுக்கு வருகிறவர்கள் சந்நிதி வரிசையிலேயே நின்று முடித்துத் திரும்பிவிடுகிறார்கள். ஜமீன்தாரிணி ராணி ராசமணி 1847ல் தொடங்கி 1855ல் முடித்த இந்த வளாகத்தின் முகப்பு ஹூக்ளி ஆற்றுப் பக்கம். படகில் வந்து படியேறினால் முதலில் தூண்கள் தாங்கிய திறந்த மண்டபம்; ‘சாந்தனி’ என்பார்கள். இருபுறமும் ஆறாறாக 12 சிவன் கோயில்கள். மண்டபம் தாண்டினால் முற்றம், அங்கே காளி கோயில்.

நாலைந்து படி இறங்கித் திரும்பிப் பாருங்கள். சிவன் சந்நிதிகளின் வாசல் கிழக்கே முற்றத்தை நோக்கியிருப்பதால் ஆற்றிலிருந்து தெரிவது முதுகுப்புறம்தான். ஆனால் கூரை அமைப்பு அங்கிருந்துதான் நன்றாகப் பிடிபடும். நான்கு சரிவுள்ள கூரை, அதன்மேல் சிறிதாக இன்னொரு நான்கு சரிவு. எட்டும் சேர்ந்து ‘ஆட்சாலா’. விளிம்பு வில்போல வளைந்து மூலையில் தாழும். மழை கொட்டும் வங்காளத்தில் நீர் தங்காமல் வழிய, மூங்கில் குடிசைக்கு இட்ட வளைவு அது. செங்கல்லுக்கும் அப்படியே வந்துவிட்டது. காளி கோயில் ‘நவரத்னம்’: கீழடுக்கு மூலைகளில் 4 சிகரம், மேலடுக்கில் 4, நடுவில் 1.

•

குளிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. இங்கே ஆற்றில் கடலின் ஏற்றவற்றம் உண்டு. நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறி இறங்கும். வற்றத்தில் வெளிப்படும் கீழ்ப்படிகளில் நைசான வண்டல் படிந்திருக்கும். சாம்பல் நிறத்தில் பளபளத்தால் அதில் கால் வைக்காதீர்கள், சோப்புபோல வழுக்கும். நீர் ஏறியிருக்கும்போது மேற்படியிலேயே முழுக்குப் போடுவது பாதுகாப்பு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, குறிப்பாக மழைக்காலத்தில், ‘பான்’ என்கிற ஓத அலை ஆற்றை எதிர்த்து மேலேறி வரும். நீர்மட்டம் சட்டென்று உயரும். உள்ளூர்க்காரர்கள் கரையேறினால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்காமல் நீங்களும் ஏறிவிடுங்கள்.

•

கைபேசி, கேமரா உள்ளே கூடாது; வெளியே ஒப்படைக்க வேண்டும். படம் வேண்டுமென்றால் மறுகரையிலுள்ள பேலூர் மடத்துக்குப் போகும் படகுதான் வழி. கோயில் கிழக்குக் கரையில் இருப்பதால் பிற்பகலில் வெயில் உங்கள் முதுகுப் பக்கம் விழும். 12 கூரைகளும் வரிசையாகக் கிடைக்கும். நண்பகலில் நடை சாத்துவார்கள், காலையிலேயே வந்துவிடுங்கள். செவ்வாய், சனி, ஜனவரி 1 ஆகிய நாள்களில் படித்துறையில் நின்று பார்க்க இடமே இருக்காது.

‘நகபத்கானா’ என்கிற இசை மண்டபத்தை ஒட்டிய பகுல்தலா துறையையும் விடாதீர்கள். இங்கே பூசாரியாக இருந்த ராமகிருஷ்ணருக்குத் தாந்திரிக சாதனை கற்பித்த பைரவி பிராமணி 1861ல் படகிலிருந்து இறங்கியது அங்கேதான்.

•

நகரத்துக்குள் இருக்கும் ‘பாபு காட்’ படித்துறையையும் சேர்த்துப் பார்த்தால் ஒப்பீடு சுவாரசியம். ராசமணியின் கணவர் ராஜ்சந்திர தாஸ் 1830ல் தன் செலவில் கட்டியது. கிரேக்கப் பாணித் தடித்த தூண்கள். அதே குடும்பம் 25 ஆண்டு கழித்து ஆற்றங்கரையில் எழுப்பியதோ வங்கக் குடிசையின் கூரை.