தெற்குத்தெரு சொந்தங்கள் (குழு)

சிவா: அப்பாவுக்குக் கருப்புப் பூஞ்சைதானாம். உடனே 6 வயல் வாங்கணும். காசு யார் யார் போட முடியும்?

பாண்டி சித்தப்பா: 6 வயலா? இருந்த ரெண்டு வயலையும் அண்ணன்தான் எழுதி வாங்கிட்டாரே

ராஜம் அத்தை: டேய் பாண்டி. நேரம் காலம் இல்லையா

சிவா: மருந்து பாட்டில் சித்தப்பா 🙏

மீனா: சிவா, சீட்டுல என்ன எழுதியிருக்கு? அப்படியே சொல்லு

சிவா: ஆம்போடெரிசின் 50 மி.கி. – 6

மீனா: அவ்வளவுதானா? 'லைப்போசோமல்'னு இல்லையா? வாங்காதே, நில்லு. அதே பேர்ல, அதே 50 மி.கி.ல பழைய மருந்தும் இருக்கு, விலை ரொம்பக் கம்மி. லைப்போசோமல்னா கிலோவுக்கு 5 மி.கி. பெரியப்பா 60 கிலோ, 300 மி.கி., அதான் 6. இது ஒரு நாளைக்குத்தான். பழசு கிலோவுக்கு 1 மி.கி. அளவுதான், 1.5-ஐத் தாண்டவே கூடாது. அதுல 6 ஏத்துனா இதயமே நின்னு போகலாம்.

சிவா: அய்யோ. கடைக்காரர் மலிவா எடுத்து வச்சிருக்காருக்கா

மீனா: திருப்பிக் கொடு. டாக்டர்கிட்ட முழுப் பேரையும் எழுதி வாங்கு. 'லிப்பிட் காம்ப்ளெக்ஸ்', 'எமல்ஷன்'னாலும் வேற மருந்துதான்.

ராஜம் அத்தை: லைப்போசோமல்னா நானோ மருந்தாமே? நானோ மருந்துன்னா உடம்புக்குள்ள சிப்பு வைக்கிறதுன்னு வீடியோ வந்துச்சே

கார்த்தி: அம்மா 🤦

மீனா: சிப்பு இல்லத்தை, கொழுப்பு உருண்டை. 100 நானோமீட்டருக்கும் கீழ, முடி கனத்துல ஆயிரத்துல ஒரு பங்கு. மருந்து அந்த உருண்டையோட சுவர்ல ஒட்டியிருக்கும். தனியாப் போனா கிட்னியக் கெடுக்கும், உருண்டையில போனா அந்தச் சேதம் குறையும். சுத்தமா இல்லாமப் போகாது. ரத்தத்துல கிரியாட்டினின் (கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுறது), பொட்டாசியம், மெக்னீசியம் அடிக்கடி பாக்கணும்.

கார்த்தி: கொரோனா ஊசி மாதிரியா மதினி?

மீனா: ஃபைசர், மாடர்னா ஊசியிலயும் கொழுப்புத் துகள்தான், ஆனா உள்ள எம்ஆர்என்ஏ. நாம போட்ட கோவிஷீல்டு வேற வகை.

ராஜம் அத்தை: இளநி கொடுக்கலாமா

மீனா: பொட்டாசியம் பாக்காமக் கொடுக்காதீங்கத்தை.
சிவா, நர்ஸ்கிட்ட இதக் காட்டு: ஒரு வயலுக்கு 12 மி.லி. ஊசித் தண்ணி, 30 விநாடி நல்லாக் குலுக்கணும். மஞ்சப் பால் மாதிரி கட்டியில்லாம வரணும். 5 மைக்ரான் ஃபில்டர் வழியா 5% டெக்ஸ்ட்ரோஸ்ல (சக்கரத் தண்ணி) சேக்கணும். தூளும் கரைஞ்சு வயலுக்கு 12.5 ஆயிரும், அதனால 6 வயலுக்கு மருந்து 75, டெக்ஸ்ட்ரோஸ் 225, மொத்தம் 300 மி.லி. ரெண்டு மணி நேரம். சலைன் (உப்புத் தண்ணி) கூடவே கூடாது, மருந்து திரிஞ்சு படிஞ்சிரும். முன்னாடி சலைன் ஓடின குழாயையும் டெக்ஸ்ட்ரோஸ்ல கழுவணும். கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம், பெட்டிக்குள்ள இருக்கிற தாளத்தான் கடைசியாப் பாக்கணும்.

பாண்டி சித்தப்பா: சக்கர வியாதிக்காரருக்கு டெக்ஸ்ட்ரோஸா??

மீனா: 225 மி.லி.ல 11 கிராம் சக்கரதான் சித்தப்பா. இன்சுலின்ல சரிக்கட்டுவாங்க. சலைன்ல போட்டா மருந்தே வீண்.

சிவா: வேற கடையில லைப்போசோமல் 4 தான் இருக்காம்

கார்த்தி: மீதி 2 மதுரையில விசாரிக்கிறேன் மச்சான். ஐஸ்ல வைக்கணுமா?

மீனா: அட்டையில 2–8 டிகிரின்னு இருந்தா ஐஸ் பெட்டி. ஐஸ்கட்டி மேல நேரா வைக்காதே, உறைஞ்சா உருண்டை உடைஞ்சிரும்.

பாண்டி சித்தப்பா: பெட்டி எங்கிட்ட இருக்கு. காசு ராத்திரி பேசிக்கலாம்

ராஜம் அத்தை: அப்ப ஞாயித்துக்கிழம வளைகாப்பு?

சிவா: முதல்ல அந்த 2 கிடைக்கட்டும் அத்தை