புதுப்பிப்பு: அக்காவின் கண் எரிச்சல், ஸ்கேன் எடுத்தாச்சு

பாலக்காடு பக்கத்துக் கொழிஞ்சாம்பாறை அக்காவுக்குத் தாள் வைத்துப் பார்க்கும் கண்ணீர்ச் சோதனை சரியாக வந்தும் கண் எரிச்சல் ஏன் அடங்கவில்லை என்று முன்பு கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி.

கோவையில் கான்ஃபோகல் மைக்ராஸ்கோப்பில் (கருவிழியின் நரம்பு, செல் வரை பெரிதாக்கிக் காட்டும் கருவி) பார்த்தார்கள். மரத்துப்போகச் சொட்டு விட்டு, கருவிழியை லேசாகத் தொட்டபடி 0.4 மி.மீ. சதுரம் சதுரமாகப் படம். கறுப்புப் பின்னணியில் நரம்புகள் வெள்ளைக் கோடுகளாகத் தெரிகின்றன. நெருக்கமாக, ஏறக்குறைய இணையாக ஓட வேண்டியவை அக்காவுக்குக் குறைந்து, நெளிந்து கிடக்கின்றன. நடுவே கிளைவிட்ட அழற்சிச் செல்கள் வேறு. நரம்பே நொந்திருந்தால் கண்ணீர் இருந்தும் எரியுமாம். சர்க்கரை நோயிலும் இப்படி நரம்பு குறையும், அதனால் காரணத்தைச் சொல்லப் படம் மட்டும் போதாது. அக்காவுக்குச் சர்க்கரை இல்லை.

மரப்புச் சொட்டில் எரிச்சல் நின்றது நல்ல அறிகுறியாம்; கோளாறு கண்ணின் மேற்பரப்பு நரம்பில்தான் என்று அது காட்டுகிறதாம். இப்போது அழற்சிக்குச் சொட்டு மருந்து. அப்புறம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஸ்கூட்டர் ஓட்டும்போது கண்ணாடி. அக்கா போட்டுக்கொள்ள வேண்டுமே!