90 ஸ்கொயரா, 140 ஷாலா? ஒண்ணே ஒண்ணுதான் வாங்கப் போறேன், சண்டை போடாம சொல்லுங்க

மழைநாள்_மைதிலி:
லண்டன்ல இருக்கேன், வயசு 38, உயரம் சரியா அஞ்சடி, கழுத்து குட்டை. போனஸ் வந்திருக்கு, வாழ்க்கைல ஒரே ஒரு நல்ல ஸ்கார்ஃப் வாங்கிடறதுன்னு ஹெர்மெஸ்ங்கற ஃப்ரெஞ்சு கம்பெனி கடைக்குப் போனேன். 90க்கு 90 செ.மீ பட்டு ட்வில் ஸ்கார்ஃப் ஒண்ணு, காஷ்மீர்ங்கற ஆட்டு ரோமமும் பட்டும் கலந்த 140க்கு 140 ஷால் ஒண்ணு, ரெண்டையும் தொட்டுத் தடவிப் பாத்துட்டு எதுவும் வாங்காம வெறுங்கையோட பஸ் ஏறி வந்துட்டேன். ஷால் விலை மத்ததை விட ரெண்டு மடங்குக்கு மேல. ஆபீஸுக்கு ப்ளேசர், வெளிய கோட், அவ்வளவுதான் என் அலமாரி. எது வாங்கலாம்? "ரெண்டும் வாங்கு"ன்னு சொல்றவங்க கார்டு நம்பரையும் சேத்து அனுப்பிடுங்க.

ஷால்_பைத்தியம்:
140. இதுல யோசிக்க என்ன இருக்கு? 70 சதவீதம் காஷ்மீர், 30 சதவீதம் பட்டு, கழுத்துல போட்டா பூனைக்குட்டி தூங்கற மாதிரி இருக்கும், ஏசில போத்திக்கலாம், ஃப்ளைட்ல போத்திக்கலாம், கோட்டுக்குள்ள சுத்திக்கலாம், வெயில் வந்தா மடிச்சு பைக்குள்ள போட்டுக்கலாம். 90 ட்வில்ல கழுத்துல கட்டிக்கிட்டு கண்ணாடி முன்னாடி நின்னா "சீட் பெல்ட்ட போடுங்க"ன்னு அனௌன்ஸ் பண்ணத் தோணும். லண்டன் குளிருக்கு அந்தத் துண்டுத்துணி யானைப் பசிக்கு சோளப்பொரி.

நூல்பித்தன்:
குளிருக்குன்னா மார்க்கெட்ல கம்பளி வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே, அதுக்கு எதுக்கு ஹெர்மெஸ்? அந்தக் கடை 1837ல குதிரைக்கு சேணம் தைக்கிற கடையா ஆரம்பிச்சு, சரியா நூறு வருஷம் கழிச்சு 1937ல முதல் ஸ்கார்ஃப் போட்டாங்க. அவங்க பேரு வாங்கினதே அந்த பட்டு சதுரத்துலதான், ஷால் எல்லாம் ரொம்ப பின்னாடி வந்த சங்கதி. ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்க்ரீன், 30 கலர்னா 30 தடவை அச்சு, ஒரு மயிரிழை நகந்தாலும் போச்சு. டெக்சாஸ்ல வேக்கோன்னு ஒரு ஊர்ல போஸ்ட் ஆபீஸ்ல ராத்திரி ஷிஃப்ட்ல வேலை பாத்த கெர்மிட் ஆலிவர்னு ஒரு ஓவியர் அவங்களுக்கு டிசைன் போட்டிருக்கார், அவர் வரைஞ்ச வான்கோழியோட ஒவ்வொரு இறகும் ட்வில்ல தனித்தனியா தெரியும். அதே மாதிரி படத்தை காஷ்மீர்ல அடிச்சா ஜன்னல் கண்ணாடில பனி படிஞ்ச மாதிரி மங்கிடும். எலிசபெத் ராணி தாடைக்குக் கீழ முடிஞ்சுக்கிட்டு குதிரை பாக்கப் போனதும் பட்டு சதுரம்தான். மொனாக்கோ இளவரசி க்ரேஸ் கெல்லி கைல அடிபட்டப்போ ஹெர்மெஸ் ஸ்கார்ஃப்லதான் கையைத் தொங்கப் போட்டாங்க. 140ல தொங்கப் போட்டிருந்தா தூளி கட்டின மாதிரி இருந்திருக்கும்.

ஷால்_பைத்தியம்:
ராணிக்கு கோட் போட்டு விட பத்து பேர் இருந்தாங்க. மைதிலி 7:40 ட்ரெயினப் பிடிக்கணும்.

சிக்கனசிகாமணி:
எல்லாருக்கும் புத்தி கெட்டுப் போச்சு. நானூறு பவுண்டுக்கு மேல குடுத்து ஒரு பெரிய கைக்குட்டை. அந்தக் காசுக்கு ஆரணில ஜரிகை வெச்ச பட்டுச் சேலையே ரெண்டு மூணு எடுக்கலாம், ஒவ்வொண்ணும் அஞ்சரை மீட்டர். இது ஒரு மீட்டர் கூட முழுசா இல்ல.

தறிவீட்டுப்பிள்ளை:
அண்ணே, எங்க வீடு ஆரணி பக்கம்தான், தாத்தா காலத்துலேருந்து தறி ஓடுது, அதனால சொல்றேன், ரெண்டையும் ஒரே தராசுல வெக்காதீங்க. நம்ம சேலைல டிசைன் பாவும் ஊடையும் சேர்ற இடத்துலயே பிறக்குது. அங்க வெள்ளைத் துணியா நெய்ஞ்சுட்டு மேல அச்சடிக்கிறாங்க, வேலை எல்லாம் அந்த அச்சுலயும் ஓரத்துலயும்தான். நூல் பிரேசில்லேருந்து போகுது, நெசவும் அச்சும் ஃப்ரான்ஸ்ல லியோன் பக்கம். விலை அநியாயம்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். கைக்குட்டைன்னு சொல்லாதீங்க.

மைதிலி மேடம், பிராண்ட விடுங்க, எந்தக் கடைக்குப் போனாலும் துணியோட கனத்தக் கேளுங்க. பட்டுக்கு மொம்மேன்னு ஒரு கணக்கு இருக்கு, 1 மொம்மேன்னா சதுர மீட்டருக்கு 4.34 கிராம். அந்த 90 ஸ்கார்ஃப் சுமார் 65 கிராம் வரும், ஒரு முட்டை எடைன்னு வைங்களேன், பரப்பு 0.81 சதுர மீட்டர், அப்போ சதுர மீட்டருக்கு 80 கிராம், அதாவது 18 மொம்மேக்கு மேல. ஷிஃபான் பெரும்பாலும் 6, 8லேயே நின்னுடும். ட்வில்லுங்கறது சாய்வா வரி ஓடற நெசவு, வெளிச்சத்துல சாச்சுப் பாத்தா தெரியும், அந்த வரியும் கனமும் சேந்துதான் முடிச்சு போட்டா முடிச்சு நிமிந்து நிக்குது. புதுசுல விறைப்பா பேப்பர் மாதிரி சரசரங்கும், கட்டக் கட்டத்தான் படியும். சாட்டின் பளபளன்னு இருக்கும், முடிச்சு தானா வழுக்கிட்டு வந்துடும்.

கோட்டைவாசல்_குமார்:
நான் டொராண்டோ. சதுரமே தப்பு. நீள ஸ்கார்ஃப்தான். பர்பெரி கம்பெனியோட கட்டம் போட்ட காஷ்மீர், 168க்கு 30 செ.மீ, ஸ்காட்லாந்துல நெய்யறது, காஞ்ச முள்ளுப்பூவ உருளைல அடுக்கி அதால துணிய வாரி வாரி அந்த மெத்து மெத்துங்கற ரோமத்த எழுப்புறாங்களாம். ரெண்டா மடி, கழுத்துல போடு, ஓட்டைல நுழை, கிளம்பு. வடிவகணிதம் எல்லாம் வேணாம்.

நூல்பித்தன்:
குமார் ப்ரோ, அத லண்டன் ட்யூப்ல ஒரு பெட்டிக்கு நாலு பேரு போட்டிருப்பாங்க. அதுல பாதி அசல் கூட இல்ல.

பாரிஸ்_ரதி:
முதல்ல அது ஹெர்மிசும் இல்லை ஹெர்மெசும் இல்லை, எர்மெஸ், முன்னுக்கு ஹெச் கேக்கக்கூடாது, கடைசி எஸ் கேக்கோணும். சரி விசயத்துக்கு வாறன். நான் இஞ்ச பாரிசில ஒரு பெரிய கடையில ஸ்கார்ஃப் பக்கம் ஏழு வருசம் நிண்டனான். வாற சனம் மேசையில விரிச்சு வைச்சு நடுவில நிக்கிற குதிரையைப் பாத்திட்டு வடிவா இருக்கெண்டு வாங்கிக்கொண்டு போகும், ரெண்டு கிழமையால திரும்பி வரும், கழுத்தில கட்டினால் குதிரையைக் காணேல்லை எண்டு. பின்ன எப்பிடிக் காணுறது? கட்டினால் வெளியில தெரியிறது ஓரமும் மூலையளும் தான், நடுப்படம் எல்லாம் மடிப்புக்குள்ள போயிடும். தங்கச்சி, கடையில விரிச்சுப் பாக்காதேங்கோ. எதிர் மூலை ரெண்டையும் நடுவுக்குக் கொண்டு வந்து, திரும்பத் திரும்ப மடிச்சு, நாலு விரல் அகலத்தில நாடா மாதிரி எடுத்து, தாடைக்குக் கீழ பிடிச்சுப் பாருங்கோ. அந்த நிறம் உங்கட முகத்துக்கு ஒத்து வந்தால் வாங்குங்கோ, வராட்டி ஆர் கீறின படமெண்டாலும் வையுங்கோ கீழ.

ஓரத்தையும் பாருங்கோ. கையால உருட்டித் தைச்சிருப்பினம், எர்மெஸ் முன்பக்கமா உருட்டும், இத்தாலிக்காரர் கனபேர் பின்பக்கமா. அது குண்டா இருக்கோணும். என்ர ஸ்கார்ஃப் ஒண்டை இஞ்ச ஒரு லாண்டரியில குடுத்து, அவை ஓரத்துக்கு மேலயே அயன் பெட்டியை ஏத்தி அப்பளம் மாதிரித் தட்டையாக்கித் தந்தவை. பதினொரு வருசமாச்சு, இப்பவும் அதைக் காணேக்க விசர் வரும்.

தறிவீட்டுப்பிள்ளை:
ரதி அக்கா சொன்ன மடிப்புலதான் சைஸ் கணக்கே இருக்கு. 90ங்கறது பக்கத்தோட அளவு. நாம கட்டறது மூலைக்கு மூலை. அது 127 செ.மீ. 70 வாங்கினா 99, 55ன்னா 78, 45ன்னா 64தான். உங்க கழுத்து 34னு வைங்க, 45ஐக் கட்டினா ஒரு பக்கத்துக்கு 15 மிஞ்சும், முடிச்சுக்கே சரியாப் போயிடும். 90ல ரெண்டு சுத்து சுத்தினாலும் பக்கத்துக்கு 29 மிஞ்சும். அதோட மூலை வாக்குல இழுத்தா துணி கொஞ்சம் நீண்டு கொடுக்கும், டெய்லருங்க கிராஸ்னு சொல்வாங்களே அதேதான், கழுத்துல வளைஞ்சு உக்காரும். குமார் அண்ணனோட நீள ஸ்கார்ஃப்ல அந்த வளைவு வராது, சும்மா தொங்கும்.

ஷால்_பைத்தியம்:
அப்போ 140க்கு மூலைக்கு மூலை 198. கணக்குப்படி நான் தான் ஜெயிச்சேன்.

தறிவீட்டுப்பிள்ளை:
ஜெயிச்சீங்க, ஆனா அவங்க உயரம் 152 செ.மீ. 140ஐ முக்கோணமா மடிச்சு முதுகுல விட்டா நுனி 99 செ.மீ இறங்கும், முழங்காலைத் தாண்டிடும். கழுத்துல சுத்தினா அவ்வளவு துணியும் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவுல எங்கயாவது போய் உக்காரணுமே.

ஷால்_பைத்தியம்:
நான் அஞ்சடி ஒரு இஞ்ச். ஆறு வருஷமா போட்டுட்டு இருக்கேன், யாரும் என்னத் தேடல.

ஜிமிக்கி_ஜனனி:
140 வாங்கினவ பேசறேன், ஆனா காஷ்மீர் இல்ல. பட்டும் கம்பளியும் கலந்து நெசவுலயே எழுத்து எழுத்தா வர்ற ஷால், பெரிய கம்பெனி, பேரு வேணாம். முதல் வாரமே ஹேண்ட்பேக் ஜிப்ல மாட்டி ஒரு நூல் சர்ருன்னு வந்துச்சு, வலது பக்க மூலைல ஒரு சாண் நீளத்துக்கு கோடு. அப்புறம் ஜிமிக்கில மாட்டுச்சு. அப்புறம் தாலிச் சங்கிலி கொக்கில. இப்போ அத போட்டா நகை போடறதில்ல, நகை போட்டா அத போடறதில்ல.

தறிவீட்டுப்பிள்ளை:
அது கம்பெனி குத்தம்னு சொல்ல முடியாதுங்க, அந்த மாதிரி ஜக்கார்டுல எழுத்து வரணும்னா நூல் கொஞ்ச தூரம் முடியப்படாம மேலாக்க மிதந்து போகணும், அங்கதான் கொக்கி நுழையும். ட்வில் நெருக்கமா நெய்ஞ்சது, அவ்வளவு சீக்கிரம் மாட்டாது. இழுபட்ட நூல வெட்டிடாதீங்க, ஊசியோட காதை வெச்சு பின்பக்கம் தள்ளிடுங்க.

ஜிமிக்கி_ஜனனி:
வெட்டிட்டேன் 😐

நூல்பித்தன்:
இதையும் சேத்துக்கோங்க, எந்தப் பட்டா இருந்தாலும் தலைக்கு எண்ணெய் வெச்சுட்டு மேல கட்டாதீங்க, செண்ட் அடிச்ச உடனேயும் கட்டாதீங்க. எங்க அம்மாவுக்கு குச்சி (Gucci) கம்பெனியோட ஃப்ளோரா டிசைன் ஸ்கார்ஃப் ஒண்ணு வாங்கித் தந்தேன், 1966ல க்ரேஸ் கெல்லிக்காகன்னே வரைய வெச்ச பூ டிசைன், பாத்துப் பாத்து வாங்கினது. அவங்க ஞாயித்துக்கிழமை எண்ணெய் தேச்சுட்டு குளிர் அடிக்குதுன்னு அத காதுக்குக் கட்டிட்டாங்க. பூவுக்கு நடுவுல தேங்காய் எண்ணெய், இன்னும் போகல. அவங்ககிட்ட என்ன சொல்றது, "நல்லா கதகதன்னு இருக்குடா"ன்னாங்க.

ஷால்_பைத்தியம்:
பாத்தீங்களா, அம்மாவுக்கு வேண்டியதும் கதகதப்புதான் 😂

பாரிஸ்_ரதி:
தங்கச்சி, காசு குடுக்க முதல் ஒரு வேலை செய்யுங்கோ. வீட்டில பழைய வேட்டி இருந்தால் 90க்கு 90 வெட்டிக் கட்டிப் பாருங்கோ, பிறகு அதையே 70க்குக் குறைச்சுப் பாருங்கோ. 70ஐ மறக்காதேங்கோ, கழுவி மெத்தையாக்கின பட்டில அந்த அளவு வருது, பளபளப்புக் குறைவு, கட்டுப்பெட்டித்தனமாத் தெரியாது, உங்களை மாதிரிக் கட்டைக் கழுத்துக்கு நான் அதைத்தான் எடுத்துக் காட்டுறனான்.

தறிவீட்டுப்பிள்ளை:
நல்ல யோசனை. ஆனா பருத்தி விறைப்பா நிக்கும், அளவுக்கு மட்டும் நம்புங்க, துணி விழற அழக அதுல பாக்காதீங்க.

மழைநாள்_மைதிலி:
பண்ணிட்டேன். வீட்டுக்காரர் பொங்கலுக்கு ஒரு தடவை கட்டற வேட்டி, கறை வேற இருக்கு, கேக்காமயே வெட்டிட்டேன். 90ஐ மடிச்சு ஒரு சுத்து சுத்தி நெஞ்சுக்கு மேல தளர்வா முடிச்சு போட்டா ப்ளேசர் காலருக்குள்ள அழகா இறங்குச்சு, கழுத்து இருக்கற மாதிரியே ஒரு தோற்றம் வந்துச்சு. ரெண்டு சுத்து சுத்தினா கழுத்து சுளுக்குக்கு பட்டை போட்ட மாதிரி ஆயிட்டேன், அது எனக்கு இல்ல. 70க்கு வெட்டினேன், பின்பக்க முடிச்சு நல்லா இருக்கு, ஆனா கோட்டு போட்டதும் உள்ள காணாமப் போயிடுச்சு. 140க்கு வேட்டி பத்தல, அகலம் 50 இஞ்சுதான், அதனால பெட்ஷீட்ட மடிச்சு போத்திப் பாத்தேன், என் பொண்ணு வந்து "அம்மா காய்ச்சலா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டா.

ஷால்_பைத்தியம்:
பெட்ஷீட்டையும் காஷ்மீரையும் ஒண்ணா பேசற ஆளுகிட்ட நான் என்னத்த வாதாடறது. அது மோதிரத்துக்குள்ள நுழையற மாதிரி மெல்லிசு.

தறிவீட்டுப்பிள்ளை:
மோதிரத்துல நுழையறதுன்னு பேரு வாங்கினது ஷாதூஷ், திபெத் மானைக் கொன்னு எடுக்கற ரோமம், அதோட வியாபாரமே தடை. யாராவது அப்படிச் சொல்லி வித்தா ஓடிடுங்க. உங்க ஷால் நல்ல ஷால்தான், மோதிரத்த விடுங்க.

சிக்கனசிகாமணி:
ஆக மொத்தம் நல்ல வேட்டி ஒண்ணு போச்சு. அதையே ஓரம் அடிச்சு கட்டிக்கிட்டுப் போங்களேன், நானூறு பவுண்டு மிச்சம்.

மழைநாள்_மைதிலி:
90 ட்வில்தான். சனிக்கிழமை போறேன். விரிக்க விட மாட்டேன், மடிச்சு தாடைக்குக் கீழ பிடிக்கறேன், ஓரம் குண்டா இருக்கான்னு பாக்கறேன். ஒரே ஒரு பிரச்சினை, நான் மனசுல வெச்சிருக்கறது நேவி ப்ளூல நடுவுல பெரிய குதிரை, ஓரம் ஆரஞ்சு. ஆரஞ்சு எனக்குப் பொருந்தவே பொருந்தாது.

பாரிஸ்_ரதி:
அப்ப குதிரையை விடுங்கோ.

மழைநாள்_மைதிலி:
குதிரை ரொம்ப அழகா இருக்கு அக்கா...

பாரிஸ்_ரதி:
ரெண்டு கிழமையால திரும்பி வாறதுக்கு பில்லைப் பத்திரமா வையுங்கோ.