மியாட்டாவுக்கு ஷார்ட் ஷிஃப்டர் போட்ட அனுபவம்

என்னிடம் இருப்பது 1990 மாஸ்டா மியாட்டா, 1.6 லிட்டர் இன்ஜின், ஐந்து கியர். வாங்கிய நாளிலிருந்தே கியர் ராட் லொடலொடவென்று ஆடும், மூன்றாவது கியரில் போட்டு வைத்திருந்தாலும் நாபைப் பிடித்து இடமும் வலமும் தாராளமாக அசைக்கலாம். அதோடு ராடைச் சுற்றியுள்ள உறை வழியாக வெக்கையும் கியர்பாக்ஸ் இரைச்சலும் உள்ளே வந்துகொண்டே இருக்கும், கோடையில் நியூஜெர்சி நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் வலது காலோரம் காந்தும். வயதான வண்டி, இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து ஷார்ட் ஷிஃப்டர் (கியர் மாற்றக் கை நகரும் தூரத்தைக் குறைக்கும் ராட்) கிட் ஒன்றை வாங்கினேன்.

கழற்றுவது சுலபம். நாபைத் திருகி எடுத்து, கன்சோல் (இரு சீட்டுக்கும் நடுவில் இருக்கும் மூடி) ஸ்க்ரூக்களைக் கழற்றி, பவர் விண்டோ சுவிட்ச் ஒயரைப் பிரித்துவிட்டால் கன்சோல் வந்துவிடும். அதன் கீழே ராடைச் சுற்றிப் பெரிய ரப்பர் பூட் (உறை), அதற்கும் கீழே சின்ன பூட். அந்தச் சின்ன பூட் சுற்றிலும் கிழிந்து தொங்கியது. வெக்கை எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

இந்த வண்டியில் நடுவில் கம்பியோ கேபிளோ கிடையாது, ராடின் அடிமுனை நேராகக் கியர்பாக்ஸுக்குள் போகிறது. அந்த முனையில் அது ஆடாமல் பிடிக்க ஒரு சின்ன நைலான் புஷ் (வளையம்) இருக்கும். ராடைத் தூக்கினேன், புஷ்ஷில் பாதிதான் கூட வந்தது. மீதித் துண்டுகளை மூக்குக் குறடால் ஒவ்வொன்றாக எடுக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது, ஒரு துண்டுகூட உள்ளே விழக்கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். ராட் உட்காரும் கூட்டுக்கென்று தனியாக எண்ணெய் உண்டு, கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றினால் இது மாறாது. அதில் அடியில் கொஞ்சம் கறுப்புச் சேறுதான் மிச்சம். சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக 75W-90 ஜிஎல்-4 தர கியர் ஆயில் கிட்டத்தட்ட 90 மி.லி. ஊற்றினேன். ஜிஎல்-5 வேண்டாம் என்பது என் கருத்து, அதில் சேர்க்கும் கந்தகப் பொருள்கள் சிங்க்ரோவின் (கியர் மாறும்போது சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கும் வளையம்) பித்தளையை அரிக்கக்கூடும்.

புது பூட் இரண்டு, புது புஷ், புது ஆயில். எல்லாம் போட்ட பிறகு ஏதோ தோன்றி, கிட்டை ஒதுக்கி வைத்துவிட்டுப் பழைய ராடையே மாட்டி ஓட்டிப் பார்த்தேன். வேறு வண்டி மாதிரி இருந்தது! ஆட்டம் போய்விட்டது, ஒவ்வொரு கியரும் 'டக்'கென்று உட்காருகிறது, வெக்கையும் இல்லை. மூன்று வாரம் அப்படியே ஓட்டிய பிறகுதான் கிட்டைப் போட்டேன். கை நகரும் தூரம் நன்றாகக் குறைந்தது, ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் தூரம் குறைந்தால் தள்ளும் பலம் கூடத்தான் வேண்டும், சிங்க்ரோவுக்கு வேண்டிய நேரமோ குறைவதில்லை. குளிர்ந்த காலையில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது இரண்டாவது கியரை அவசரமாகப் போட்டால் கரகரக்கிறது. பழைய ராடில் இது இல்லை. கிட் வாங்க நினைப்பவர்கள் முதலில் பூட், புஷ், ஆயில் மாற்றி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்.

*

அண்ணா, நான் மெல்போர்ன். என்னுடையது 1991 வண்டி. கிட்டோடு வந்த உலோக புஷ்ஷைப் போட்டீர்களா, நைலானா? நான் உலோகம்தான் போட்டேன், பிடிப்பு அருமை, ஆனால் 3500 ஆர்பிஎம் தாண்டினால் ராட் வழியாக ஒரு ரீங்காரம் கேபின் முழுக்கக் கேட்கிறது. மனைவி பக்கத்தில் உட்காரவே யோசிக்கிறாள்.

*

நைலான்தான் தம்பி. கூடு திறந்திருந்தபோது உலோகத்தையும் வைத்துப் பார்த்தேன், அதிர்வு அப்படியே கைக்கு வரும் என்று தோன்றியதால் விட்டுவிட்டேன். நீங்களும் ராடைத் தூக்கி நைலானுக்கு மாறுங்கள், ஒரு மணி நேர வேலைதான். தூக்கும்போது அந்தச் சின்ன ரப்பர் பூட் உறையையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், லேசாக வெடிப்பு தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.