பாக்கெட் கேமரா: வாங்கி மூன்று மாதம் கழித்து
சோனி ஆர்எக்ஸ்100 ஏழாம் மாடலா, ரிக்கோ ஜிஆர் 3-ஆ, எந்த கேமரா வாங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா, ஜிஆர் 3 தான் வாங்கினேன், செகண்ட் ஹேண்டில். தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் சோனியின் 200 மிமீ ஜூம் கிடைக்கவில்லையே என்று முதலில் வருத்தம். ஆனால் சென்னை காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தில் ஆட்களுக்குப் பக்கத்திலேயே நிற்கிறோம், ஜிஆர் 3-இன் ஜூம் இல்லாத, அகலமாகக் காட்டும் 28 மிமீ லென்ஸ் தாராளம். ஸ்னாப் ஃபோகஸை (ஃபோகஸ் தேடாமல், முன்பே குறித்த தூரத்தில் உடனே படம் எடுக்கும் வசதி) 2 மீட்டரில் வைத்து பட்டனை ஒரே அழுத்தாக அழுத்தினால், கூடையோடு விரைகிற அக்காவும் தெளிவாக விழுகிறார். அவ்வளவு பிடித்திருக்கிறது!

பேட்டரி சுமார் 200 படம்தான், இன்னொன்று கட்டாயம். அப்புறம், தண்ணீர், தூசிக்குத் தடுப்பு கிடையாது. கடற்கரைப் பக்கம் ஜிப் கவரில் வைத்து எடுத்துப்போங்கள், வீட்டுக்கு வந்ததும் உப்புப் பிசுக்கைத் துடைத்துவிடுங்கள்.